முன் படலையால் போன நாள்

வாகீசன் சுவரில் தலையை மோதிக்கொண்ட நாளிலெல்லாம் அக்கா சுபாஜினி நாட்காட்டியில் சிவப்புப் புள்ளி வைத்தாள். முப்பது வயதானாலும் அவனுக்குப் பேச்சும் விளக்கமும் குறைவு. மோதுவதும் அந்தக் குறைபாட்டால்தான் என்றே உரும்பிராயில் எல்லோரும் சொன்னார்கள். கனடாவிலிருந்து அவர்களுடைய அண்ணன் தில்லைநாதன் முடிவாகச் சொல்லிவிட்டார்: "இன்னொருக்கா தையல் போட்டால், உவனைப் பராமரிப்பு விடுதியிலை விடு."

ஞாயிறு காலை புள்ளிகளை ஒவ்வொன்றாய் விரலால் தொட்டுப் பார்த்தாள். ஞாயிறுகளில் ஒன்றுகூட இல்லை. அவள் பக்கத்து ஊர்த் திருநெல்வேலிப் பிடவைக்கடைக்கு வேலைக்குப் போன நாட்களில்தான் அத்தனையும்! ஒரேயொரு வேலைநாள் மட்டும் வெறுமை. அன்று பின்பக்கப் படலையின் கதவு இறுகிக்கொள்ள, "கடைக்குப் போறன்ரா" என்று கத்தியபடி முன்பக்கத்தால் ஓடியிருந்தாள்.

வீட்டைவிட்டு வெளிக்கிடுகிறவரிடம் எங்கே என்று கேட்டால் போன காரியம் கெடும் என்பார்கள். வாகீசனோ கேட்டே தீருவான். அதனால் கள்ளரைப்போலப் பின்பக்கத்தால் நழுவுவதே வீட்டு வழக்கம். நான்கு வருடத்துக்கு முன் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அப்படித்தான். அம்மா உயிரோடு திரும்பவில்லை. செத்தவீடு முடியும்வரை அவனைக் கோப்பாயில் உறவினர் வீட்டில் வைத்திருந்தார்கள். யாரும் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் சுவரில் மோதத் தொடங்கினான். ஒவ்வொரு காலையும் அவனுக்கு அக்காவும் அம்மாவைப்போலக் காணாமல் போயிருக்கிறாள்! 'மடைச்சி, மடைச்சி' என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

திங்கட்கிழமை படலைச் சாவியோடு அவன் முன்னால் போய் நின்றாள்.

"வாகீசன், நான் கடைக்குப் போறன். அஞ்சு மணி பஸ்ஸிலை வருவன். படலைத் திறப்பு உன்னட்டை இருக்கட்டும். நீதான் திறந்துவிட வேணும்."

"வெளிக்கிடேக்கை உதெல்லாம் சொல்லுறதோ? விளங்கினமாதிரித்தான்!" என்றார் அவர்களோடு வீட்டில் இருக்கும் பெரியம்மா நல்லம்மா.

கடையில் அவள் மடித்த சேலை ஒன்றும் ஒழுங்காக வரவில்லை. கைபேசி அடிக்கவில்லை என்று சந்தோசப்படவா, பயப்படவா? போதாக்குறைக்கு பஸ்ஸும் இருபது நிமிடம் பிந்தியது. சந்தியிலிருந்து ஓட்டமாய் ஓடினாள்.

படலையடியில் வாகீசன் நின்றான். நெற்றியில் புதுக் காயம் இல்லை! திறந்துவிட்டுக் கையை ஓங்கினான், ஆனால் அடிக்கவில்லை.

"ஏன் பிந்தினனீ?" என்று கத்தினான்.

நான்கு வருடமாய்ச் சுவருக்குப் போன கோபம் முதன்முறையாக அவளை நோக்கி வந்தது. சுபாஜினி அழுதுகொண்டே சிரித்தாள்.

அடுத்த நாள் காலை பெரியம்மா பையோடு பின்பக்கம் போனார்.

"எங்கை போறாய்?" என்றான் வாகீசன்.

பெரியம்மா பின்கதவடியில் கிடந்த செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தார்.

"சந்தைக்கடா ராசா. பத்து மணிக்கு வந்திடுவன். இஞ்சை, திறப்பைப் பிடி."