பாதியில் நின்ற இறால் கணக்கு

போன வருடம், மழைக்காலம் முடிந்த சமயத்தில் நடந்தது இது. பழவேற்காடு கடைத்தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடையில் தட்டச்சு வேலை பார்க்கிறேன். பத்தாவது வரைதான் படிப்பு. நாலு பேர் முன்னால் பேச வராது. கம்ப்யூட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது எனக்குப் பொருத்தம்.

ஏரித் தீவில் டியூஷன் எடுக்கும் இளம் டீச்சர் ஒருவர், கணக்குத் தாள்களை 'லேடெக்' என்ற மென்பொருளில் அடிக்க எனக்குச் சொல்லிக்கொடுத்தார். பின்னம், வர்க்கமூலம் எல்லாவற்றையும் சொற்களாகவும் அடைப்புக்குறிகளாகவும் எழுத வேண்டும். பிறகு ஒரு பட்டனை அழுத்தினால் பாடப்புத்தகம் போலவே வந்து நிற்கும். முதல் பின்னம் நடுவில் கோட்டோடு வந்தபோது தனியாகச் சிரித்துக்கொண்டேன். இந்த வேலை கைவிட்டுப் போகக் கூடாதே என்று இருந்தது.

முதல் தேர்வுத் தாளை நானே அடித்தேன். டீச்சர் பின்னங்களை மட்டும் சரிபார்த்துவிட்டு, படகுக்கு நேரமாகிவிட்டது என்று வாங்கிக்கொண்டு ஓடினார். அப்புறம்தான் கையிலிருந்த பிரதியைப் படித்தேன். ஏரியில் வலை போட அவரவருக்கு வரும் முறையைப் பாடு என்போம். 'எங்கள் பாடு வந்த நாளில் 28 கிலோ இறால் கிடைத்தது. அதில் 25' என்று கேள்வி அப்படியே நின்றிருந்தது. கம்ப்யூட்டரில் பார்த்தால் 'அதில் 25% விற்றால் மீதி எவ்வளவு?' என்று முழுக் கேள்வியும் இருக்கிறது! போன் போட்டேன், எடுக்கவில்லை. தேர்வு ஆரம்பித்திருக்கும்.

மறுநாள் டீச்சரைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன்.

"இன்னாக்கா, நான் இன்னா கலெக்டரா? உக்காருங்க. விழுக்காட்டுக் குறிக்கு முன்னாடி ஒரு சாய்கோடு போடணும். இல்லன்னா அந்த வரியில மீதி எதையும் அச்சடிக்காது. நான்தான் சொல்ல மறந்துட்டேன்."

"பசங்க?"

"'மிஸ், மீதிக் கணக்கப் பூனை தின்னுட்சா?'ன்னு ஒரே சிரிப்பு. நீங்களே முடிச்சு எழுதுங்கன்னு சொல்லிட்டேன்."

விடைத்தாள்களை என் முன்னால் பரப்பினார். ஒரு சிறுமி எழுதியிருந்தாள்: 'அதில் 25 கிலோ விற்றோம். பாடு வராத பக்கத்து வீட்டுக்கு 3 கிலோ கொடுத்தோம். மீதி எவ்வளவு? விடை: இறால் இல்லை. அவங்க வீட்டிலிருந்து குழம்பு வந்தது, ஒரு கிண்ணம்.'

டீச்சர் அதற்கு முழு மதிப்பெண் போட்டிருந்தார். எனக்குக் கண்ணில் நீர் வரச் சிரிப்பு. ஜெராக்ஸ் எடுக்க வந்தவர், விஷயம் தெரியாமலே எங்களோடு சேர்ந்து சிரித்தார்.

"பசங்க போட்ட கணக்கையே அடுத்த தாளா அடிச்சிடுங்கக்கா" என்றார் டீச்சர்.

தப்பு செய்தால் தலைகாட்டவே கூசுகிறவள் நான். என் தப்பு ஒன்று ஒரு வகுப்பையே கேள்வி எழுத வைத்ததை நினைத்தால், இப்போதும் வேலைக்குப் போகும் வழியில் முகம் தானாக மலர்ந்துவிடுகிறது.