தொண்டையில் ஏதோ

தண்ணீர் குடிப்பதென்றால் முழங்கை அண்ணன் முதலில் சமையலறைக் கதவைச் சாத்திவிடுகிறார். குவளையை ஒருமுறை முறைத்துப் பார்க்கிறார். பிறகு கசப்பு மருந்து குடிக்கும் பிள்ளை மாதிரி கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரே மடக்கில் குடிக்கிறார். இறங்கியதா? இறங்கிவிட்டது. கதவைத் திறந்து, ஒன்றுமே நடக்காதது போல வேலைக்குக் கிளம்புகிறார்.

கால்நடை மருத்துவமனையில் இருபத்து மூன்று வருடமாக உதவியாளர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. மாட்டின் தொண்டையில் எது சிக்கினாலும் முழங்கைவரை கையை விட்டு எடுத்துவிடுவதால் ஊருக்கே அவர் முழங்கை. முதலில் மாட்டின் கழுத்தில் வெளிப்பக்கம் இரண்டு விரலை வைத்து, அது விழுங்குகிறதா என்று பார்ப்பார். அப்புறம்தான் கை உள்ளே போகும். மீட்ட பொருட்கள் ஜன்னல் விளிம்பில் வரிசையாக இருக்கின்றன: மாங்கொட்டை, செருப்பு வார், குழந்தையின் ரப்பர் பந்து. "இதெல்லாம் நம்ம மெடலுங்க" என்று வருகிறவர்களிடம் காட்டுவார். தற்பெருமைதான், இருந்துவிட்டுப் போகட்டும்.

பால்காரம்மாவின் செவலைப் பசு வந்த அன்று டாக்டர் விடுப்பு. தீனி எடுக்கவில்லை, வாயிலிருந்து நூல் நூலாக எச்சில், குரல் கம்மியிருந்தது. "தொண்டையில ஏதோ மாட்டியிருக்கும்மா, பயப்படாதீங்க" என்று கையை விட்டார். ஒன்றும் தட்டுப்படவில்லை. வெறுங்கையோடு திரும்பிப் பழக்கமில்லாத மனிதர், வீம்பு விடுமா? மறுபடி விட்டார். மூன்றாம் முறையும் விட்டார். நகக்கண்ணில் இருந்த சின்ன வெட்டு சுரீரென்று எரிந்தது. கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் பசு செத்தது. டாக்டர் அதன் மூளையைப் பரிசோதனைக்கு அனுப்ப, முடிவு வருவதற்குள் பன்னிரண்டு நாள் ஓடிவிட்டது. ரேபிஸ். எந்த வெறிநாய் எப்போது அந்தப் பசுவைக் கடித்ததோ, யார் கண்டது.

"என்னைத்தான் எதுவும் கடிக்கலையே டாக்டர்?"

"கடிக்கணும்னு இல்லண்ணே. புண்ணுல எச்சில் பட்டாலே போதும். அன்னைக்கே சோப்பு போட்டுக் கழுவி, ஊசியும் போட்டிருந்தா..." டாக்டர் பாதியில் நிறுத்திக்கொண்டார். "இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க."

ஊசியெல்லாம் போட்டாயிற்று. பால்காரம்மாவும் போட்டுக்கொண்டார். தைரியமாக இருக்கச் சொல்லி அனுப்பினார்கள். எங்கிருந்து வரும் தைரியம்? வெறி பிடித்த நாய்கள் தண்ணீர்க் கிண்ணத்தின் முன் தொண்டை இழுத்துச் செத்ததைக் கூண்டுக்கு வெளியே நின்று பார்த்தவர் அவர். வந்துவிட்டால் மாட்டுக்கும் மருந்தில்லை, மனுஷனுக்கும் மருந்தில்லை என்று தெரியும். மாதங்கள் கழித்தும் வரலாம் என்பதும் தெரியும். இரண்டு மாதமாகத் தன்னையே சோதித்துக்கொண்டிருக்கிறார். காற்று பட்டால் தொண்டை இழுக்கிறதா என்று பார்க்க, மழை நாளிலும் மின்விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டு முகத்தைக் காட்டுகிறார். "என்னங்க, இந்தக் குளிர்லயா?" என்று மனைவி கேட்டால், "வேர்க்குதும்மா." ஊசியைப் பற்றிக் கேட்டதற்கு "சும்மா, சத்து ஊசி" என்று சொல்லிவைத்திருக்கிறார்.

இன்று காலை கதவைச் சாத்தித் திரும்பினால், அடுப்போரம் மனைவி நிற்கிறாள்.

"பால்காரம்மா எல்லாம் சொல்லிட்டாங்க."

அவர் குவளையைப் பார்த்தார். "நீ பயந்துடுவேன்னுதான் சொல்லல."

"நீங்க மட்டும் தனியா பயப்படலாமா?"

அவர் அவசரமாகக் குடித்தார். புரை ஏறிவிட்டது. தண்ணீர் மூக்கில் வந்து சட்டையெல்லாம் நனைந்தது. இருமி இருமிக் கண் சிவந்தது. வேறு நாளாக இருந்தால், "யாரோ நினைக்கிறாங்க" என்று அவள் அவர் தலையில் தட்டியிருப்பாள். இன்று அவளுக்குக் கை எழவில்லை. இருவருக்கும் ஒரே நினைப்புதான் ஓடியது. வந்துவிட்டதோ?

இருமல் அடங்கியதும் அவள் குவளையை வாங்கி மறுபடி நிரப்பினாள். பக்கத்தில் வந்து நின்று, அவர் மாட்டுக்கு வைப்பதைப் போலவே, அவர் கழுத்தில் இரண்டு விரலை வைத்தாள்.

"இப்ப குடிங்க. மெதுவா."

ஒரு வாய் குடித்தார். விரல்களுக்கு அடியில் தண்ணீர் இறங்கியது. அவள் விரலை எடுக்கவில்லை.