ஐம்பத்தெட்டு டிகிரி

கொடியிலிருந்து துணிகளை எடுத்து வருவது நாத்தனார், மடிப்பது கணக்கம்மா. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வீட்டில் வேலை அப்படித்தான் பிரிந்திருந்தது. அன்று கணக்கம்மா ஒரே சட்டையை மூன்றாவது தடவையாக உதறி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தச் சட்டை என்ன பாவம் பண்ணுச்சு அண்ணி? அண்ணன் மேல இருக்கற கோபமா?"

"உன் அண்ணன் மேல கோபப்பட இன்னிக்கு எனக்கு நேரமில்ல."

கணக்கம்மா என்பது ஆய்வுக்கூடத்தில் வைத்த பெயர். புள்ளியியல் படித்துவிட்டு, ஊரார் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தவளை, "எங்க லேப்ல கணக்குத் தெரிஞ்ச ஆள் வேணுமாம், கிளம்புங்க" என்று இழுத்துப் போனது இந்த நாத்தனார்தான். அப்போது கணக்கம்மாவுக்கு நாற்பது வயது. பதினோரு வருஷம் ஓடிவிட்டது.

நாத்தனாரின் வேலை கிருமி வளர்ப்பது. வெந்நீர் ஊற்றிலோ கடலடியிலோ சேற்றை அள்ளி வந்து, குப்பியில் தீனி போட்டு, சூட்டுப்பெட்டியில் வைத்துக் காத்திருப்பாள். முக்கால்வாசி வளராது. எந்தச் சூடு பிடிக்கும் என்று கிருமியிடம் கேட்கவா முடியும்? கணக்கம்மாவிடம்தான் கேட்க வேண்டும். அதே சேற்றிலிருந்து எடுத்த டி.என்.ஏ. துண்டுகள் நான்கே எழுத்துகளாலான நீளமான வரிசைகளாக அவள் கணினிக்கு வரும். எது எந்தக் கிருமியுடையது என்று பிரித்துக் குவியல் குவியலாகச் சேர்ப்பாள். கொதிக்கும் நீரில் வாழ்வது தன் புரதங்களைக் கட்டும் விதம் வேறு, குளிரில் வாழ்வது கட்டும் விதம் வேறு. அந்த வித்தியாசம் எழுத்திலேயே தெரியும். ஏற்கெனவே வளர்த்துப் பார்த்த கிருமிகளோடு ஒப்பிட்டு, "அறுபத்திரண்டு டிகிரி, அஞ்சு முன்னே பின்னே" என்பாள். இதுவரை ஒரு கிருமியையும் அவள் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்க ஆசைப்பட்டதும் இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாத்தனார் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். வெந்நீர் ஊற்றுச் சேற்றில் மிச்சமிருந்தது ஒரே ஒரு குப்பிதான். முதல் குப்பியை முப்பதிலும் அடுத்ததை எண்பத்தைந்திலும் குத்துமதிப்பாக வைத்து வீணாக்கியாயிற்று. இனி போய் அள்ளவும் வழியில்லை. ஊற்றின் மேல் குளியல் கட்டடம் எழும்பிவிட்டது.

"எண்ணைச் சொல்லுங்க அண்ணி, லேப்பைப் பூட்டப் போறாங்க."

"ஐம்பத்தெட்டு."

குப்பி அன்றே ஐம்பத்தெட்டு டிகிரிச் சூட்டுப்பெட்டிக்குள் போனது.

இப்போது கணக்கம்மா சட்டையைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணு சொல்லணும். கத்தாம கேளு."

"கத்தற மாதிரி விஷயமா?"

"அந்த ஐம்பத்தெட்டு தப்பு."

நாத்தனார் கையில் கொடியிலிருந்து எடுத்து வந்த போர்வை அப்படியே நின்றது.

"ஒரு கிருமிக்கு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கணும்னு சில மரபணு உண்டு. ஒரு ஆளுக்கு ஒரு மூக்கு மாதிரி. அப்படி நாற்பது மரபணுவைத் தேடிப் பார்ப்பேன். இந்தக் குவியல்ல ஆறு, ரெண்டு ரெண்டா இருந்துச்சு."

"ஒரே மூஞ்சில ரெண்டு மூக்கா?"

"துண்டு கிழிஞ்சு வந்தா அப்படி ரெண்டா எண்ணிடும். எப்பவும் வர்றதுதான். கூட இருந்ததைத் தூக்கிப் போட்டுட்டேன். மனசு கேக்கல, இன்னிக்கு விடிகாலைல திரும்பப் பிரிச்சேன். அது ஒண்ணு இல்ல, ரெண்டு கிருமி. ஒண்ணு நாற்பத்துநாலு டிகிரிக்காரன், இன்னொண்ணு எழுபத்தொண்ணு. கலந்து கணக்குப் போட்டதுல நடுவுல வந்து நின்னுச்சு."

"அப்ப ஐம்பத்தெட்டுல..."

"ரெண்டும் வளராது."

பக்கத்து அறையில் அண்ணன் பேப்பரைப் புரட்டும் சத்தம் கேட்டது. இருவரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். அவர் வந்தால் சமாதானம் பண்ணி வைக்கிறேன் என்று உட்கார்ந்துவிடுவார்.

"நாற்பத்துநாலு செத்திருக்கும். ரெண்டு நாள் இந்தச் சூட்டைத் தாங்காது. எழுபத்தொண்ணுக்கு ஐம்பத்தெட்டு வெறும் குளிர். வளராம சும்மா கிடக்கும், அவ்வளவுதான். இப்பவே சூட்டை ஏத்தினா அதுவாவது மிஞ்சும்."

"ஊத்தோட ஆறின ஓரத்திலயும் கொதிக்கற நடுவிலயும் சேர்த்து அள்ளினது நான்தான்," என்றாள் நாத்தனார். போர்வையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். பிறகு நிமிர்ந்தாள். "வெள்ளிக்கிழமை நான் பின்னால நிக்கும்போதே அந்த ரெண்டு மூக்கு உங்க கண்ணுல பட்டுச்சுல்ல?"

'இல்லை' என்று சொல்ல வாய் வரை வந்தது. "பட்டுச்சு," என்றாள் கணக்கம்மா. "நீ அவசரப்பட்டே. எனக்கும் சுத்தமா ஒரு எண்ணைச் சொல்லிடணும்னு ஒரு இது."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா திங்கக்கிழமை வரைக்கும் ஐஸ்லயே வெச்சிருப்பேனே அண்ணி."

கணக்கம்மா ஒரு தாளில் '71' என்று எழுதினாள். அடியில் '6 முன்னே பின்னே' என்று சேர்த்தாள். வழக்கமாக ஐந்துதான் எழுதுவாள்.

நாத்தனார் தாளை வாங்கி ஒரு முறை பார்த்துவிட்டு மடித்துப் பையில் போட்டாள். ஆணியிலிருந்து ஆய்வுக்கூடச் சாவியை எடுத்துக்கொண்டாள்.

"நானும் கூட வரட்டுமா?" என்றாள் கணக்கம்மா.

நாத்தனார் போர்வையைக் கட்டில் மேல் வைத்தாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு தனியாகவே ஆய்வுக்கூடத்துக்குக் கிளம்பினாள்.