ஒற்றைக் கம்பிக் கருவி தேடி, தேரடியிலிருந்து காசிமேடு வரை

மீன்பிடித் தடைக்காலம் முடிய ஒரு வாரம் இருந்த சனிக்கிழமை, நானும் என் வகுப்புத் தோழி நிஷாவும் திருவொற்றியூர் தேரடியிலிருந்து தண்டையார்பேட்டை, மண்ணடி வழியாகக் காசிமேடு வரை போனோம். மொத்தம் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் இருக்கும். புதிதாக வந்திருக்கும் ஒரு மைக்ரோகன்ட்ரோலர் (ஒரே சிப்பில் அடங்கிய குட்டிக் கணினி) குடும்பத்துக்குப் புரோகிராம் ஏற்ற எந்தக் கருவியைக் குறைந்த செலவில் வாங்கலாம் என்று பார்க்கத்தான் போனோம். இதற்கெல்லாம் ஒரு பயணக் கட்டுரையா என்று கேட்பவர்கள் தாராளமாகக் கேட்கலாம். எனக்கு அன்று இமயமலைக்குப் போனது போல இருந்தது.

காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் அப்பா காசிமேட்டில் ஒரு விசைப்படகின் டிரைவர். போன பருவத்தில் ஒருநாள் எல்லோரும் பின்பக்கம் வலை இழுத்துக்கொண்டிருந்தபோது இன்ஜின் அறையில் தண்ணீர் ஏறியிருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை. இன்ஜின் சத்தம் மாறிய பிறகுதான் ஓடிப்போய்ப் பார்த்து, வாளியால் இறைத்துக்கொண்டே கரைக்கு வந்திருக்கிறார்கள். அப்பா இதைச் சாப்பிட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். எனக்குச் சாதாரணமாக இல்லை.

அதனால் ஓர் எச்சரிக்கை மணி செய்தேன். இன்ஜின் அறையின் அடியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு எஃகுக் கம்பிகள். கடல்நீர் இரண்டையும் தொட்டால் நடுவில் மின்சாரம் பாயும். மைக்ரோகன்ட்ரோலர் அதைப் பார்த்து ஹாரனை அடிக்கும். கம்பிகள் சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் கிடைத்த வெட்டுத் துண்டுகள். நிஷாவின் அப்பா அங்கே லோடு ஏற்றுகிறார். முதலில் பள்ளியில் இருந்த பழைய வகை போர்டில் செய்தேன். அதைத் திருப்பித் தர வேண்டும். புதிதாக வாங்கினால் ஒன்று 550 ரூபாய். பக்கத்துப் படகுக்காரர்களும் கேட்கிறார்கள், அவர்களிடம் இந்த விலை சொல்ல முடியாது. புதுக் குடும்பத்தின் சிப் வெறும் 18 ரூபாய், சின்ன போர்டில் பொருத்தியது 95 ரூபாய். ஆனால் குடும்பம் மாறினால் பழைய கருவி எதுவும் ஒத்துவராது.

நேரமும் இல்லை. படகின் சொந்தக்காரர், நாங்கள் ஓனரம்மா என்று சொல்பவர், அப்பாவிடம் கறாராகச் சொல்லிவிட்டார்: “சனிக்கெழம அஞ்சு மணிக்கு வருவேன். கத்துச்சுன்னா இருக்கட்டும். கத்தலன்னா கழட்டிப் போட்டுடு. பேட்டரி பக்கத்துல சும்மா ஒயரு தொங்கிகினு இருக்கக்கூடாது.”

காலை 9.20-க்குத் தேரடியில் மெட்ரோ ஏறினோம். தண்டையார்பேட்டைக்கு 20 ரூபாய், போனில் கியூஆர் சீட்டு எடுத்தால் 16. இடது பக்கம் உட்காருங்கள். வீடுகளின் இடைவெளியில் கடல் தெரியும். புதுவண்ணாரப்பேட்டை தாண்டியதும் ரயில் சட்டென்று பூமிக்குள் புகுந்துவிடும். மடியில் நிஷாவின் அண்ணனுக்கு அரசு கொடுத்த பழைய லேப்டாப். அதன் பேட்டரி ஒரு மணி நேரம்தான் தாங்கும் என்பதால் வழியெல்லாம் அதைத் திறக்காமல் கையைக் கட்டிக்கொண்டு வந்தோம்.

தண்டையார்பேட்டையில் ஷகிலா அக்காவின் பட்டறை. நிலையத்திலிருந்து எட்டு நிமிட நடை. துறைமுகத்து ஏலக் கூடத்திலும் கிடங்குகளிலும் இருக்கும் எலக்ட்ரானிக் தராசுகளை அவர்தான் பழுது பார்க்கிறார். தராசுக்குள் போடும் பழைய சிப்பின் விலை ஏறியதும் இந்தப் புதுக் குடும்பத்துக்கு மாறியிருக்கிறார். நாங்கள் கேட்டதும் மேசையில் இருந்த நண்டு மாதிரி கால் நீட்டிய தராசு ஒன்றை ஓரம் தள்ளிவிட்டு, மூன்று கருவிகளை வரிசையாக வைத்தார். எனக்குப் பிறந்தநாள் மாதிரி இருந்தது!

முதலாவது, தயாரிப்பாளரே விற்கும் முழுப் பெட்டி. விளக்கு, பொத்தான், சென்சார் எல்லாம் உண்டு. 1,850 ரூபாய். இரண்டாவது, கட்டைவிரல் அளவு யுஎஸ்பி துண்டு, 90 ரூபாய். நாம் எழுதிய புரோகிராமைச் சிப்பில் ஏற்றும், வேறொன்றும் செய்யாது. மூன்றாவது, ஒற்றைக் கம்பிக் கருவி, ஏறக்குறைய 450 ரூபாய். இது புரோகிராமை ஏற்றும். அதோடு, ஓடிக்கொண்டிருக்கும் சிப்பை நடுவில் நிறுத்தி உள்ளே என்ன எண் இருக்கிறது என்று திரையில் காட்டும். மின்சாரத்துக்கு ஒன்று, கிரவுண்டுக்கு ஒன்று, பேசுவதற்கு ஒரே ஒரு கம்பி. நாம் எழுதுவதைச் சிப்பின் மொழிக்கு மாற்றும் கம்பைலர் மூன்றுக்கும் ஒன்றுதான், முழுக்க இலவசம். பழைய குடும்பத்தின் கம்பைலரோ, புரோகிராம் கொஞ்சம் பெரிதானாலே உரிமம் வாங்கச் சொல்லும்.

“தொண்ணூறு ரூபாது லெட்டர் போடும். பதில் வராது” என்றார் ஷகிலா அக்கா. “நானூத்தம்பது ரூபாது போன் பண்ணும்.”

“நமக்கு லெட்டரே போதுமேடி” என்றாள் நிஷா. “புரோகிராம்தான் ஏற்கெனவே ஓடுதே.”

அவள் சொன்னதில் தப்பில்லை. 90 ரூபாயில் வேலை முடியும். நான் பெட்டியைப் பார்த்தேன், துண்டைப் பார்த்தேன். பிறகு நடுக்கடலில் அது கத்தாமல் இருந்தால் ஏன் கத்தவில்லை என்று யாரைக் கேட்பது என்று யோசித்தேன். மூன்றாவதுதான் என்று முடிவு செய்தோம். அக்காவின் கருவியிலேயே, முன்பே வாங்கிக் கையோடு கொண்டுபோயிருந்த எங்கள் 18 ரூபாய்ச் சிப்பில் ஒரு விளக்கை மினுக்கிப் பார்த்தோம். மினுக்கியது! நிஷா போட்ட கூச்சலில் தராசு 200 கிராம் காட்டியது என்று அக்கா சொன்னார். அது பொய்.

அவரிடம் விற்பனைக்கு இல்லை என்பதால் மறுபடி மெட்ரோ, மண்ணடி. 11.40-க்குக் கடைத்தெருவில் இருந்தோம். சந்து அகலத்துக்கு ஒரு கடை. உள்ளே இருந்த பாய் ஒரு கருவியை எடுத்துப் போட்டார்.

“இன்னா பாப்பா, ஸ்கூல் பிராஜக்டா? இத்த எடுத்துகினு போ. எல்லா சிப்புக்கும் ஓடும். முந்நூறு.”

“இங்கயே போட்டுப் பாக்கட்டுமா பாய்?” என்றாள் நிஷா.

“கடையா இது, லேபா? பேஜாரு பண்ணாத.”

“நீங்க மீன் வாங்கும்போது செவுளத் தூக்கிப் பாக்க மாட்டீங்களா?”

பாய் சிரித்துவிட்டார். கல்லாவுக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தார். மாட்டினோம். திரையில், சிப் கிடைக்கவில்லை என்று வந்தது. மறுபடி மாட்டினோம். அதே.

“ஒன் சிப்பு பூட்ச்சு” என்றார் பாய்.

“ஒரு மணி நேரம் முன்னாடிதான் மினுக்குச்சு. உங்க கருவிதான் பேசல.” எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

கருவியைத் திருப்பிப் பார்த்தால் விஷயம் புரிந்தது. ஒரே நிறம், ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே பெயரில் இரண்டு கருவிகள் விற்கின்றன. பழையது இரண்டு கம்பியில்தான் பேசும். புதியதன் பெயர் முடிவில் ஓர் எழுத்து கூடுதலாக அச்சாகியிருக்கும். அதுதான் ஒற்றைக் கம்பியில் பேசும். பாய் முணுமுணுத்துக்கொண்டே மேல் தட்டில் துழாவி அதை எடுத்தார். மாட்டிய நொடியில் சிப் பதில் சொன்னது. 480 சொன்னார். நிஷா பேசிப் பேசி 450-க்குக் கொண்டுவந்தாள். கூடவே 95 ரூபாய் போர்டு இரண்டு. அவர் “ஒங்க செட்டோட பெரிய ரோதன” என்று சொல்லிக்கொண்டே இணைப்புக் கம்பிகளைச் சும்மா கொடுத்தார்.

பாரிமுனையிலிருந்து காசிமேட்டுக்கு ஷேர் ஆட்டோ, ஆளுக்கு 20 ரூபாய். நான்கு கிலோமீட்டருக்கு முப்பத்தைந்து நிமிடம் ஆனது. முன்னால் கன்டெய்னர் லாரி, பின்னால் கன்டெய்னர் லாரி. “எறங்கி நடந்தா முன்னாடி பூடுவீங்க, ஆனா எனக்குக் காசு குடுத்துட்டு நடங்க” என்றார் ஓட்டுநர்.

தடைக்காலத்தில் காசிமேட்டைப் பார்த்திருக்கிறீர்களா? படகுகள் எல்லாம் புதுப் பெயிண்டில் பள்ளி முதல் நாள் பிள்ளைகள் போல நிற்கும். அப்பாவின் படகுக்கு மூன்று படகுகளைத் தாண்டிப் போக வேண்டும். புதுப் போர்டில் புரோகிராமை ஏற்றி, எச்சரிக்கை மணியின் பெட்டியில் பொருத்தி, எஃகுக் கம்பிகளோடு இணைத்து முடிக்க நான்கரை ஆனது. ஐந்துக்கு ஓனரம்மா வந்துவிட்டார். அப்பா ஒரு வாளி கடல்நீரை இன்ஜின் அறையின் அடியில் ஊற்றினார்.

சத்தமே இல்லை.

இன்னொரு வாளி. அப்போதும் இல்லை. ஓனரம்மா என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தார். “சரி, கழட்டிடு.”

“அஞ்சு நிமிஷம்” என்றேன். லேப்டாப்பில் பேட்டரி பதினொரு சதவீதம். ஒற்றைக் கம்பிக் கருவியை மாட்டினேன். சிப் ஓடிக்கொண்டிருந்தது. புரோகிராமும் சரி. எஃகுக் கம்பிகளிலிருந்து வரும் எண் மட்டும் 1011-லேயே நின்றது. தண்ணீர் தொட்டால் அது இறங்க வேண்டும், அப்படியென்றால் சிப்பின் கணக்கில் தண்ணீரே இல்லை. நிஷா விரலை நனைத்து, பெட்டிக்குள் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தொட்டாள். எண் சரசரவென்று இறங்கியது. ஹாரன் ஒருமுறை கத்தி ஓய்ந்தது. அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. பெட்டியில் எல்லாம் சரி. தப்பு கீழேதான்!

“நைனா, கம்பியப் பாரு” என்று கத்தினேன்.

அப்பா டார்ச் அடித்தார். கம்பிகள் இரண்டும் பளபளவென்று நீலமாக இருந்தன.

“யாரு இதுக்குப் பெயிண்ட் அடிச்சது?”

“நாந்தான்” என்றார் அப்பா, கீழேயிருந்து. “கடல்ல வெறும் இரும்ப யாராச்சும் வுடுவாங்களா? ஒன்னோடதாச்சேன்னு ரெண்டு கோட்டு அடிச்சேன்.”

பெயிண்டுக்குள் மின்சாரம் எப்படிப் பாயும்? ஓனரம்மா அடக்கிப் பார்த்து முடியாமல் விழுந்து விழுந்து சிரித்தார். அப்பா கத்தியால் சுரண்டினார். நீலம் உரிந்து எஃகு தெரிந்த மறுநொடி, ஏற்கெனவே ஊற்றிய தண்ணீருக்கே ஹாரன் அலறியது. நாலு படகு தள்ளி வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து நின்றார்கள். லேப்டாப் அப்போதுதான் அணைந்தது.

உங்களுக்கு என் யோசனைகள். சிப் விலையை மட்டும் பார்க்காதீர்கள், கருவியையும் கம்பைலரையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். முழுப் பெட்டி நல்லதுதான், ஆனால் தொடங்க அது தேவையில்லை. எழுத மட்டும் தெரிந்த கருவியைவிட, திருப்பிப் பேசும் கருவிக்குக் கூடுதல் 360 ரூபாய் தரலாம். உங்கள் சிப்பைக் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே மாட்டிப் பாருங்கள். லேப்டாப் சார்ஜரை மறக்காதீர்கள், நாங்கள் மறந்தோம். நீங்கள் செய்வதை எங்கே பொருத்துகிறீர்களோ, அங்கே வேலை செய்பவர்களிடம் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று சொல்லிவிடுங்கள்.

அன்று படகில் ஹாரன் நிற்கவே இல்லை. ஓனரம்மா காதைப் பொத்திக்கொண்டு, “இத்த எப்டி நிறுத்தறது? சுவிச் எங்க கீது?” என்று கத்தினார்.

“சுவிச் வைக்கலம்மா” என்று நானும் கத்தினேன். “தண்ணிய இறைச்சாத்தான் நிக்கும்.”

 ஓனரம்மா வாளியை எடுத்து அப்பாவிடம் நீட்டினார்.