வாங்காமல் போனால் சோறு கட்

இன்று தருமபுரி ஜவுளிக்கடை ஒன்றில், புடவை பிடிக்காமல் எழுந்தேன். எடுத்துக் காட்டிய பெண் பதறிவிட்டார்.

"அண்ணா, ஒரு துண்டாவது எடுங்கண்ணா. சும்மா போனீங்கன்னா எனக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தைக் கட் பண்ணிடுவாங்கண்ணா."

சூப்பர்வைசரைக் கூப்பிட்டுக் கேட்டேன். என்னைத் தெரிந்தவன்தான்.

"நீங்களும் பாத்திரக்கடை வெச்சிருக்கிறவருதானுங்க? பசிச்சாத்தானே இதுங்க விக்கும்" என்று சிரித்தான்.

பயந்துகொண்டே நீட்டுகிற புடவையை எவன் வாங்குவான்? அவன் முன்னாலேயே அந்தப் பெண்ணிடம், "எங்க கடைக்கு வேலைக்கு வர்றியாம்மா?" என்றேன்.

"அங்க சாப்பிட விடுவீங்களாண்ணா?"

கடைக்காரர்களே, வேலைக்குச் சேருமுன் ஒருத்தர் கேட்கிற கேள்வியா இது? நீங்களே சொல்லுங்கள்.

பேசி முடித்தது இதுதான்: மாதம் பன்னிரண்டாயிரம், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம், யார் வாங்காமல் போனாலும்.