லாபம் என்றால் ஒன்று

இன்று எங்கள் களத்தில் நெல் பங்கு பிரித்தார்கள். பெரியப்பா மரக்காலால் அளந்து எங்கள் சாக்கில் கொட்டினார்.

முதல் மரக்காலுக்கு "லாபம்" என்றார். பிறகு வாய்க்குள்ளேயே எண்ணினார். சாமி கும்பிட்டுத் தொடங்குகிறார் என்று நினைத்து, நான் அடுத்ததிலிருந்து எண்ணினேன்.

முடிவில், "இருபது" என்றார். என் எண்ணிக்கையில் பத்தொன்பது.

எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன்: "பெரியப்பா, எங்களுக்கு ஒண்ணு கொறையுதே?"

அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "லாபம்னா ஒண்ணு, ஆத்தா! மொத மரக்கால அப்புடித்தான் சொல்லுவாக."

பெரியப்பா சாக்கைக் கவிழ்த்து மறுபடி அளந்தார். இந்த முறை "லாபம்" இல்லை. என் முகத்தைப் பார்த்து, "ஒண்ணு" என்றார்.

கல்லூரியில் நான் நடத்துவது வணிகவியல். சிரித்துக்கொள்ளுங்கள். பெரியப்பா வீட்டுக்கு எந்த முகத்தோடு போவது என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.