வெண்கலம் வாய் திறந்த படம்

நாடகக் குழுவில் அவளை எல்லோரும் வெண்கலம் என்றுதான் கூப்பிடுவார்கள். மைக் கெட்டுப்போன நாளிலும் கடைசி வரிசைக்குக் கேட்கிற தொண்டை. பதினாறு வயதில் தோழி வேஷத்தில் ஆரம்பித்தவள், இருபத்திரண்டு வருஷத்தில் ராணி, திருடி, மாமியார், ஒரு தடவை பிணமாகக்கூட நடித்துவிட்டாள். குழுவின் தையல்காரியான அவள் கூடப்பிறந்த அக்காதான் அத்தனைக்கும் துணி தைத்தாள். எந்த நாள், எந்த மேடை, எந்த வேஷம் என்று கோடு போட்ட நோட்டில் ஒன்று விடாமல் எழுதி வைத்தாள். தேதி கேட்டு வரும் போன்களுக்குப் பதில் சொல்வதும் அவள்தான்.

தங்கைக்கு அது முதல் சினிமா. கதையையே தாங்குகிற அம்மா வேஷம். வெளியான அன்று குழு மொத்தமும் காலைக் காட்சிக்கு வந்து இரண்டு வரிசையை நிறைத்தது. திரையில் தங்கை வந்ததும் ஒரே கைத்தட்டல். வாய் திறந்தாள்.

வந்தது வேறு யாரோ ஒருத்தியின் குரல். மெல்லிசான, கொஞ்சுகிற குரல்.

கைத்தட்டல் பாதியில் நின்றது. தியேட்டர் மெஷின்தான் கோளாறு என்று அக்கா நினைத்தாள். அடுத்த வசனமும் அதே குரல். பக்கத்தில் தங்கை இமைக்காமல் தன் உதடு அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரும்மா இது, உனக்குள்ள பூந்துக்கிட்டு பேசறது?" என்றார் பின்னாலிருந்த ஒப்பனைக்காரர். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

இடைவேளையில் உதவி இயக்குநர் வந்தார். "டப்பிங்குக்கு மூணு தடவை போன் பண்ணினோமேம்மா! 'எங்க பொண்ணு ஒரு தடவை பேசினா பேசினதுதான்'னு உங்க வீட்டுல போனை வச்சிட்டாங்க. அப்புறம்தான் வேற ஆளைப் பேச வச்சோம்."

மேடையில் பேசிய வசனத்தை யாரும் திரும்பப் பேசச் சொன்னதில்லை. சினிமாவில் குரலைப் பிறகு தனியறையில் பதிவு செய்வார்கள் என்று அக்காவுக்கு யார் சொன்னார்கள்?

"போனை எடுத்தது நான்தான்டி. நீ சரியாப் பேசலைன்னு குத்தம் சொல்றாங்கன்னு நினைச்சு ரோஷம் வந்துடுச்சு. உன்கிட்டயும் சொல்லலை" என்றாள் அக்கா.

"அந்தக் கதவுகிட்ட அழற சீன்ல லைட்காரரே கண்ணைத் துடைச்சிக்கிட்டாரு அக்கா. அந்தக் குரலை இனிமே யாருமே கேக்க மாட்டாங்கல்ல?"

மணி அடித்தது. உள்ளே போனார்கள். கதவுக் காட்சி வந்தது. கொஞ்சல் குரல் அழ ஆரம்பித்தது. தங்கை எழுந்து நின்றாள். இருட்டில், தன் வசனத்தை முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தைவரை பேசி முடித்தாள். தியேட்டரே திரையை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பியது.

அதற்குப் பிறகு ஒன்பது படம். ஒன்பதிலும் அவள் சொந்தக் குரல்தான். போன் மணி அடித்தால் இப்போதும் அக்காவுக்குத் திக்கென்கிறது.

நோட்டில் அன்றைய தேதிக்கு நேரே இப்படி இருக்கிறது: காலைக் காட்சி. அம்மா வேஷம். மைக் இல்லை. கடைசி வரிசைக்கும் கேட்டது.